நான்கு மணி நேரமும் நான்கு டாக்டர்களும்

2015ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் தேதி திருவனந்தபுரத்திலிருந்து கொச்சிக்கு ஒரு கடற்படை விமானம் பறந்தது. டோர்னியர் ரக விமானம். அதில் இருந்த பெட்டிக்குள் ஓர் இதயம். இங்குள்ள ஸ்ரீசித்திரா திருநாள் மருத்துவ நிலையத்தில் மூளைச்சாவு அடைந்த வழக்கறிஞர் ஒருவருடையது அது. கொச்சி லிசி மருத்துவமனையில் டாக்டர் ஜோஸ் சாக்கோ பெரியப்புரத்தின் குழு ஓர் ஆட்டோ டிரைவரின் மார்பில் அதைப் பொருத்தியது. கேரளத்தில் ஓர் உறுப்பு ஆகாய மார்க்கமாகப் போனது அதுவே முதல் தடவை.

ஐந்து வருடம் கழித்து 2020 மே 9 அன்று, ஊரடங்கின் நடுவே, இன்னோர் இதயம் இதே ஊரிலிருந்து கொச்சிக்குப் போனது. இந்த முறை ஹெலிகாப்டர். போலீஸ் உபயோகத்துக்காக மாநில அரசு வாடகைக்கு எடுத்து, பலருடைய விமர்சனத்தையும் வாங்கிக் கட்டிக்கொண்ட அதே ஹெலிகாப்டர். இதயம் ஓர் ஆசிரியையுடையது.

மூன்றாவது சம்பவத்துக்கு ஆகாயமே தேவைப்படவில்லை. 2024 ஜூலை 22 அன்று திருவனந்தபுரத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றிலிருந்து புறப்பட்ட இதயம் நகரத்துச் சாலை வழியாகவே ஸ்ரீசித்திராவை அடைந்தது. அங்கே 12 வயதுச் சிறுமி ஒருத்தி காத்திருந்தாள். ஸ்ரீசித்திராவின் முதல் இதய மாற்று அறுவை சிகிச்சை அது. கொடுத்தவர் இந்த முறையும் ஓர் ஆசிரியைதான்.

மூன்று சம்பவங்களிலும் போலீஸ் வழி ஏற்படுத்திக் கொடுத்தது, சிக்னல்கள் நின்றன, டி.வி. காமிராக்கள் ஓடின. நான் வசிக்கும் ஆரியசாலையில் மிளகாய் மூட்டை ஏற்றி வந்த லாரி ஒன்று சந்துக்குள் நுழைந்து வெளியே வரவே அரை மணி ஆகும். அப்படிப்பட்ட ஊர் இதயத்துக்காக ஒதுங்கி நின்றது. ஏன் இத்தனை அவசரம்?

காரணம் எளிமையானது. உடம்பிலிருந்து வெளியே எடுத்து ஐஸில் வைத்த இதயம் சுமார் நான்கு மணி நேரம்தான் தாங்கும். நுரையீரலுக்கு ஆறிலிருந்து எட்டு மணி நேரம். சிறுநீரகம் ஒரு நாள்கூடப் பொறுத்துக்கொள்ளும். குளிர்ச்சி உறுப்பின் பசியைக் குறைக்கிறதே தவிர நிறுத்துவதில்லை. ரத்தமும் பிராணவாயுவும் இல்லாத ஒவ்வொரு நிமிடமும் தசைக்குள் சேதம் சேர்ந்துகொண்டே போகிறது. நான்கு மணி நேரத்துக்குள் எடுத்து, கொண்டுபோய், தைத்து, மறுபடி துடிக்க வைக்க வேண்டும். 1967 டிசம்பர் 3 அன்று கேப் டவுனில் டாக்டர் கிறிஸ்டியன் பர்னார்ட் உலகின் முதல் மனித இதய மாற்றைச் செய்த நாளிலிருந்து இந்தத் துறையை ஆண்டு வந்தது இந்த நான்கு மணி நேரக் கணக்குதான்.

சமீபத்திய ஆராய்ச்சிகள் முதலில் கை வைத்திருப்பதும் இந்தக் கணக்கில்தான்.

ஸ்வீடனின் லுண்ட் நகரில் ஸ்டிக் ஸ்டீன் என்ற அறுவை மருத்துவர் ஒரு பெட்டியை உருவாக்கினார். இதயத்தை அது ஐஸில் போட்டு வைப்பதில்லை. சுமார் 8 டிகிரி குளிரில், துடிக்காத நிலையில், பிராணவாயு கலந்த ஊட்டத் திரவத்தை இதயத்தின் குழாய்களில் ஓடவிட்டுக்கொண்டே இருக்கிறது. பிரான்ஸ் நாட்டு டாக்டர்கள் 2024ல் இதன் எல்லையைச் சோதித்துப் பார்த்தார்கள். மேற்கிந்தியத் தீவுகளிலுள்ள பிரெஞ்சுப் பகுதியில் எடுக்கப்பட்ட இதயங்களைச் சாதாரணப் பயணிகள் விமானத்தில் அட்லாண்டிக் கடலைத் தாண்டிப் பாரிசுக்குக் கொண்டுவந்தார்கள். உடம்புக்கு வெளியே சுமார் 12 மணி நேரம். பொருத்திய பின் இதயங்கள் வேலை செய்தன. நம் கணக்கில் சொன்னால், திருவனந்தபுரத்து இதயம் கொச்சிக்குப் பதில் டெல்லிக்கே போய்ச் சேரலாம். பிறகும் நேரம் மிச்சமிருக்கும்.

நுரையீரலில் முன்னோடி கனடாவின் டொரன்டோ நகரம். அங்கே டாக்டர் ஷாஃப் கேஷவ்ஜியின் குழு, எடுத்த நுரையீரலைக் கண்ணாடிக் கவிகைக்குள் வைத்து, உடல் வெப்பத்தில் திரவம் செலுத்தி, செயற்கையாகச் சுவாசிக்க வைத்துச் சோதிக்கும் முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 2011ல் முடிவுகள் வெளியாயின. 'இது தேறுமா தேறாதா' என்ற சந்தேகத்தில் ஒதுக்கப்பட்டிருக்கக்கூடிய நுரையீரல்கள் சில மணி நேரத்தில் தங்கள் தகுதியை நிரூபித்தன. 2023ல் டொரன்டோ, வியன்னா, மாட்ரிட் மருத்துவமனைகள் சேர்ந்து இன்னொன்றைக் காட்டின. நுரையீரலுக்கு ஐஸின் 4 டிகிரியைவிட 10 டிகிரி இதமானது. நள்ளிரவில் வந்த நுரையீரலை அந்தக் குளிரில் வைத்துவிட்டு, தூங்கி எழுந்த டாக்டர்கள் காலையில் நிதானமாக அறுவை சிகிச்சை செய்யலாம். கேட்பதற்குச் சின்ன விஷயம். இரவு மூன்று மணிக்குக் கத்தி பிடித்தவர்களைக் கேட்டால் அதன் அருமை தெரியும்.

இதைவிடத் துணிச்சலான இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது. இதயத்தை மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து மட்டுமே எடுக்க முடியும் என்பதுதான் நீண்ட கால விதி. துடிப்பு நின்றுபோன இதயம் பயன்படாது என்று நினைத்திருந்தார்கள். 2014ல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் செயின்ட் வின்சென்ட் மருத்துவமனை டாக்டர்கள் நின்றுபோன இதயத்தை எடுத்து, ஒரு இயந்திரத்தில் வெதுவெதுப்பான ரத்தம் செலுத்தி மீண்டும் துடிக்க வைத்து, இன்னொருவருக்குப் பொருத்தினார்கள். 2023ல் வெளியான அமெரிக்க ஆய்வு இரண்டு முறைகளையும் ஒப்பிட்டது. நின்றுபோன இதயத்தைப் பெற்றவர்களில் ஆறு மாதம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 94 சதவீதம். வழக்கமான முறையில் 90 சதவீதம். எந்த விதத்திலும் குறைவில்லை. ஆனால் இந்த முறைக்குச் சிகிச்சையைத் திட்டமிட்டு நிறுத்துவது அவசியம். அதற்கான விதிகளை 2018லும் 2023லும் உச்ச நீதிமன்றம் வகுத்துக் கொடுத்த பிறகும் நம் மருத்துவமனைகள் தயங்கியே நிற்கின்றன. ஆகவே நமக்கு இப்போதைக்கு மூளைச்சாவு ஒன்றே வழி.

பன்றி என்ன ஆயிற்று என்று வாசகர்கள் கேட்கலாம். இந்த விஷயத்தில் நம் நாட்டுக்கு ஒரு விசித்திரமான முன்கதை உண்டு. 1997 ஜனவரியில் அசாமின் சோனாப்பூரில் டாக்டர் தனிராம் பருவா ஒரு நோயாளிக்குப் பன்றியின் இதயத்தையும் நுரையீரலையும் பொருத்தினார். நோயாளி ஒரு வாரத்தில் இறந்தார். டாக்டர் சிறைக்குப் போனார். அன்றைக்கு வைத்திருந்தது வெறும் பன்றி உறுப்பு; மனித உடல் அதை விரோதியாகவே பார்க்கும். கால் நூற்றாண்டுக்குப் பின், 2022 ஜனவரியில், அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் வைக்கப்பட்ட பன்றி இதயத்தில் பத்து மரபணு மாற்றங்கள் செய்யப்பட்டிருந்தன. நோயாளி இரண்டு மாதம் வாழ்ந்தார். 2023 செப்டம்பரில் அடுத்தவர் ஏறக்குறைய ஆறு வாரம். 2025ல் சீனாவின் குவாங்சோ நகரில் மூளைச்சாவு அடைந்த ஒருவரின் உடலில் பொருத்தப்பட்ட பன்றி நுரையீரல் ஒன்பது நாள் இயங்கியதாக அறிக்கை வெளிவந்தது. ஆராய்ச்சி என்ற அளவில் இவை பெரிய செய்திகள். இன்று மூச்சுக்குத் தவிக்கிற நோயாளிக்கு இவற்றால் பயன் இல்லை.

நுரையீரல் என்றாலே கொஞ்சம் கூடுதல் எச்சரிக்கை தேவை. இதயம் மார்புக்குள் பத்திரமாக இருக்கிறது. நுரையீரலோ ஒவ்வொரு மூச்சிலும் தெருவை உள்ளே இழுக்கிறது. தூசி, புகை, கிருமி எல்லாம் புது உறுப்பைத் தொடுகின்றன. உடல் அதை ஒதுக்கித் தள்ளாமலிருக்க எதிர்ப்புச் சக்தியை மருந்தால் அடக்கி வைத்திருக்கும் நேரத்தில்தான் இது நடக்கிறது. அதனால்தான் உலகக் கணக்கில் இதய மாற்று செய்துகொண்டவர்களில் பாதிப் பேர் பன்னிரண்டு ஆண்டுகளைத் தாண்டி வாழ்கிறார்கள். நுரையீரல் மாற்றில் அந்தக் கணக்கு ஆறு ஏழு ஆண்டுகளிலேயே நிற்கிறது. 1981ல் ஸ்டான்போர்டில் டாக்டர் புரூஸ் ரைட்ஸ் இதயத்தையும் நுரையீரலையும் சேர்த்து மாற்றி வெற்றி கண்டதற்கு சைக்ளோஸ்போரின் என்ற மருந்து துணை நின்றது. நார்வே நாட்டு மண்ணிலிருந்த ஒரு பூஞ்சையிலிருந்து கிடைத்த மருந்து அது. இந்தியாவில் இதயம்-நுரையீரல் கூட்டு மாற்றை 1999ல் சென்னையில் முதலில் செய்தவர் டாக்டர் கே.எம். செரியன்.

ஆக, பெட்டிகள் வந்துவிட்டன. மருந்து இருக்கிறது. கை தேர்ந்த டாக்டர்கள் இருக்கிறார்கள். பெட்டியின் விலை இன்று நமக்கு எட்டாக் கனி என்பது உண்மைதான். ஆனால் அதற்கும் இந்த ஊரிலேயே ஒரு பதில் உண்டு. இறக்குமதியான இதய வால்வுகள் ஏழைகளுக்குக் கட்டுப்படியாகாத காலத்தில் ஸ்ரீசித்திராவில் டாக்டர் எம்.எஸ். வலியத்தானும் அவரது சகாக்களும் சொந்தமாக வால்வு செய்ய முனைந்தார்கள். மூன்று மாதிரிகள் தோற்றன. நான்காவது 1990 டிசம்பரில் ஒரு நோயாளியின் இதயத்தில் வைக்கப்பட்டது. அதற்குப் பிறகு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அது போயிருக்கிறது. வால்வைச் செய்தவர்களால் பெட்டியையும் செய்ய முடியும்.

அப்படியானால் தட்டுப்பாடு எதில்? கேரளத்தின் கணக்கைப் பார்த்தால் புரியும்.

உறுப்புப் பங்கீட்டுக்காக 2012 ஆகஸ்டில் 'மிருதசஞ்சீவனி' என்ற திட்டத்தைக் கேரள அரசு தொடங்கியது. 2015ல் இறந்தவர்களில் 76 பேரின் குடும்பங்கள் உறுப்புகளைக் கொடுத்தன. 2016ல் 72. 2017ல் அது 18 ஆக விழுந்தது. 2018ல் 8. எட்டே பேர். அடுத்த இரண்டு வருடங்களிலும் இருபதை ஒட்டித்தான் நின்றது. படிப்பறிவில் முதலிடம் என்று பெயர் வாங்கிய மாநிலம் இது. பக்கத்துத் தமிழ்நாட்டில் 2024ல் மட்டும் 268 பேர் கொடுத்தார்கள்.

இடையில் என்ன நடந்தது? மூளைச்சாவு என்று டாக்டர்கள் பொய் சொல்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு கிளம்பியது. வழக்குகள் வந்தன, பத்திரிகைகள் எழுதின, சமூக ஊடகங்கள் ஊதிப் பெருக்கின. சான்றிதழில் கையெழுத்துப் போட டாக்டர்களே பயந்தார்கள். வீழ்ச்சி தொடங்கிய பிறகு, 2018ல், உறுப்புக்காகவே விபத்தை உண்டாக்கும் கும்பலைப் பற்றிய 'ஜோசப்' என்ற மலையாளப் படம் வந்து சந்தேகத்துக்குக் கதை வடிவம் கொடுத்தது. 2011ல் இதே மொழியில் 'டிராஃபிக்' வந்தபோது இதயத்தை ஏற்றிப் பறக்கும் கார் ஜெயிக்க வேண்டுமென்று தியேட்டரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஏழு வருடத்தில் கதாநாயகன் வில்லனாகிவிட்டான்.

சந்தேகம் முழுக்கக் கற்பனை என்று ஒதுக்கவும் முடியாது. 2018 மே மாதம் பாலக்காடு மாவட்டத்து இளைஞர் ஒருவர் தமிழ்நாட்டில் விபத்துக்குள்ளாகி, சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் மூளைச்சாவு அடைந்தார். சிகிச்சைக்கான பணத்தைக் கட்ட முடியாத குடும்பத்திடம் நெருக்கடி கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்கள் என்று புகார் எழுந்தது. கேரள முதல்வர் பினராயி விஜயன் அன்றைய தமிழக முதல்வர் எடப்பாடி பழனிசாமிக்குக் கடிதம் எழுதினார். அதே வருடம் சென்னையில் இதயங்கள் வரிசையை மீறி வெளிநாட்டு நோயாளிகளுக்குப் போவதாகவும் சர்ச்சை வெடித்தது. பொருந்தக்கூடிய இந்தியர் யாரும் இல்லையென்றால்தான் வெளிநாட்டவருக்கு என்பது விதி. விதி காகிதத்தில் மட்டும் இருந்தால் அதற்கான விலையைக் கொடுப்பது காத்திருக்கும் அடுத்த நோயாளி.

இன்னொரு காரணம் மொழி. இருபது வருடமாக மொழிபெயர்ப்பே பிழைப்பாக இருப்பதால் இது என் கண்ணில் படுகிறது. ஆங்கிலத்தில் உறுப்பெடுப்பதை வெகுகாலம் 'ஹார்வெஸ்ட்' என்றார்கள். தமிழ்ப் பத்திரிகைகள் அதை அப்படியே 'உறுப்பு அறுவடை' ஆக்கின. நெல்லுக்குச் சொல்ல வேண்டியதைப் பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் எப்படிச் சொல்வது? ஆங்கிலக்காரர்களே அதைக் கைவிட்டுவந்த பிறகும் நம்மிடம் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'மூளைச்சாவு' என்ற சொல்லிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. மலையாளத்தின் 'மஸ்திஷ்க மரண'த்திலும் அதே பள்ளம்தான். கேட்பவர் மனதில் 'மூளை மட்டும்தானே செத்தது, ஆள் இருக்கிறாரே' என்று ஓடுகிறது.

ஆரியசாலையில் மொத்த வியாபாரம் செய்யும் நாகர்கோவில் அண்ணாச்சி ஒருவர் என்னிடம் கேட்டதும் இதைத்தான். "நெஞ்சு துடிச்சிட்டு இருக்கும்போதே எடுத்துருவாங்களாமே சார், அது எப்படி செத்த ஆளு ஆகும்?"

நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் எத்தனை பிரசாரம் செய்தாலும் பயனில்லை. இதயம் துடிப்பதற்கு மூளையின் உத்தரவு வேண்டாம். அதன் சுவரிலேயே சின்ன மின்சார மையம் ஒன்று இருக்கிறது. பிராணவாயு கிடைக்கும் வரை அது தன் பாட்டுக்குத் துடிக்கும். மூச்சு அப்படி இல்லை. மூளைத்தண்டு உத்தரவு போட்டால்தான் மூச்சு. மூளைத்தண்டு செத்துவிட்டால் மூச்சு இல்லை, அது திரும்ப வருவதும் இல்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் மார்பு ஏறி இறங்குகிறதென்றால் மூச்சு விடுவது மனிதர் அல்ல, வென்டிலேட்டர். கோமா என்பது வேறு. அதில் மூளைத்தண்டு உயிரோடிருக்கும்; கோமாவிலிருந்து மீண்டவர்கள் உண்டு. மூளைத்தண்டு செத்துப்போய் மீண்டவர் இல்லை.

இதைத் தீர்மானிக்க 1994ஆம் வருடத்து உறுப்பு மாற்றுச் சட்டம் நான்கு டாக்டர்களைக் கேட்கிறது. மருத்துவமனையின் பொறுப்பு மருத்துவர், அதிகாரம் பெற்ற பட்டியலிலிருந்து ஒரு நிபுணர், நரம்பியல் மருத்துவர் ஒருவர், சிகிச்சை செய்த டாக்டர். உறுப்பைப் பொருத்தும் குழுவினர் இதில் இருக்கக்கூடாது. வென்டிலேட்டரைச் சற்று நிறுத்தித் தானாக மூச்சு வருகிறதா என்பது உட்பட எல்லாச் சோதனைகளையும் இரண்டு தடவை செய்ய வேண்டும். இடையே குறைந்தது ஆறு மணி நேரம். கேரளத்தில் நால்வரில் ஒருவர் அரசு டாக்டராக இருக்க வேண்டும் என்றும் வைத்தார்கள். 2020 ஜனவரியில் மாநில அரசு விரிவான நடைமுறையை வெளியிட்டது. மூளைச்சாவை உறுதி செய்வது உறுப்பு தானத்துக்காக மட்டும் அல்ல, தானம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் செய்ய வேண்டிய மருத்துவக் கடமை என்ற கருத்து இதில் இருக்கிறது. இது முக்கியம். 'உறுப்புக்காகத்தான் செத்ததாகச் சொல்கிறார்கள்' என்ற சந்தேகத்தின் வேர் அங்கேதான் அறுபடும்.

சட்டம் இல்லாத காலத்தையும் நாம் பார்த்திருக்கிறோம். பர்னார்டுக்குச் சில வாரங்கள் கழித்தே, 1968 பிப்ரவரியில், மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் டாக்டர் பி.கே. சென் இதய மாற்று செய்தார். நோயாளி சில மணி நேரமே பிழைத்தார். அடுத்த கால் நூற்றாண்டு இந்தியாவில் இதய மாற்று முடங்கிக் கிடந்தது; மூளைச்சாவைச் சட்டம் ஏற்காதது ஒரு முக்கிய காரணம். 1994ல் சட்டத்துக்கு ஜனாதிபதியின் ஒப்புதல் கிடைத்த மறு மாதமே, ஆகஸ்ட் 3 அன்று, டெல்லி எய்ம்ஸில் டாக்டர் பி. வேணுகோபால் வெற்றிகரமாகச் செய்து காட்டினார். கத்தி காத்திருந்தது சட்டத்துக்காக.

தமிழ்நாட்டின் அனுபவமும் இதையே சொல்கிறது. 2008 செப்டம்பரில் விபத்தில் மூளைச்சாவு அடைந்த பதின்வயது மகனின் உறுப்புகளைக் கொடுக்க டாக்டர் தம்பதியான பெற்றோர் தாங்களாகவே முன்வந்தார்கள். சென்னையின் நெரிசலில் போலீஸ் திறந்துவிட்ட வழியில் இதயம் முகப்பேருக்குப் பறந்து ஒரு சிறுமிக்குள் துடித்தது. மாநிலமே அதைப் பேசியது. அதே வருடம் அரசு ஒழுங்கான விதிகளையும் வரிசைப் பட்டியலையும் ஏற்படுத்தியிருந்ததால் அந்த உணர்ச்சி ஒரு வாரத்தில் வடிந்துவிடாமல் பலன் கொடுத்தது. 2023 செப்டம்பரில் உறுப்பு கொடுத்தவர்களின் இறுதிச்சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார். ஒரு கிராமத்து வீட்டு வாசலில் அதிகாரி வந்து மாலை வைக்கும்போது, 'கூறு போட்டு விற்றுவிட்டார்கள்' என்று முணுமுணுக்கும் வாய் அடங்கும்.

இனிச் செய்ய வேண்டியவை பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. யாருக்கு எந்த வரிசைப்படி எந்த உறுப்பு போனது என்பதைப் பெயர் இல்லாமலாவது பகிரங்கமாக வெளியிட வேண்டும். குடும்பத்துடன் பேசுபவர் பில் போடும் பிரிவைச் சேர்ந்தவராக இருக்கக்கூடாது. அவர் குடும்பத்தின் மொழியில் பேச வேண்டும். திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரிகளுக்குக் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து நோயாளிகள் வந்தபடி இருக்கிறார்கள். மலையாளத்தில் நீட்டும் படிவத்தில் தமிழ்த் தாய் கையெழுத்திடுவது சம்மதம் ஆகாது. முதல் சோதனைக்கும் இரண்டாவது சோதனைக்கும் நடுவில் உள்ள ஆறு மணி நேரம் டாக்டர்களுக்கு மட்டும் உரியதல்ல. உறவினர்கள் கேள்வி கேட்கவும் அழவும், வேண்டுமானால் மறுக்கவும் உள்ள நேரம்.

மிருதசஞ்சீவனி என்பது புராணத்தில் சுக்கிராச்சாரியாரிடம் இருந்த மந்திரம். அது செத்தவரையே எழுப்பும். இன்றைய வித்தையால் அது முடியாது. போனவர் போனவர்தான், வேறு நாலைந்து பேர் எழுகிறார்கள். கொடுக்கிற குடும்பத்துக்கு இதில் கைமேல் கிடைப்பது எதுவும் இல்லை. அதனால்தான் அவர்களுக்குச் சொல்லப்படும் ஒவ்வொரு வார்த்தையும் உண்மையாக இருக்க வேண்டும்.

நான்கு மணி நேரத்தை விஞ்ஞானிகள் பன்னிரண்டாக்கிவிட்டார்கள். நாளை இருபத்து நான்காகவும் ஆக்கலாம். அந்தப் பெட்டிக்குள் வைக்க ஓர் இதயம் கிடைப்பதும் கிடைக்காததும், நான்கு டாக்டர்கள் போடும் கையெழுத்தை ஐ.சி.யூ. வாசலில் நிற்கும் அண்ணாச்சி நம்புவதைப் பொறுத்தது.